பர்மா பாதைக்கு ஒரு கையெழுத்து

பொழுதுபோகாமல் மலை ஏறுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தாதர் ஸ்டேஷனில் முதுகில் பையும் தலையில் தொப்பியுமாக நாலு பேர் சிரித்துக்கொண்டு நின்றால் நான் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன். அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. செய்தவர் வேறொருவர். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. என் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அவர் எங்கள் ஆபீசில் ஹெட் கிளார்க். கோட்டைப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஆபீஸ். நான் அங்கே டைப்பிஸ்ட். தாராவியிலிருந்து வேலைக்கு வருகிற ஒரே பெண் நான்தான் என்பதை வாரத்துக்கு ஒரு தடவையாவது அவர் எனக்கு நினைவுபடுத்துவார். "தாராவியிலேர்ந்து வந்தாலும் இவ ஸ்பெல்லிங் சுத்தம்" என்று மற்றவர்களிடம் சொல்லுவார். அது பாராட்டாம். நான் மெஷினை ஓங்கித் தட்டுவேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மாட்டுங்காவில் அவருக்கு ஃபிளாட். ஆபீஸ் ஆட்களையும் அக்கம்பக்கத்து நண்பர்களையும் சேர்த்து ஒரு நடைச் சங்கம் வைத்திருந்தார். கர்ஜத், லோனாவ்லா பக்கம் கோட்டை கோட்டையாக ஏறி இறங்கிவிட்டு, திங்கட்கிழமை கால் வலியைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். உலகச் சண்டையின்போது அவர் இம்பாலில் ராணுவ சப்ளை டிப்போவில் குமாஸ்தாவாக இருந்தவர். மூட்டை எண்ணிய வேலைதான். ஆனால் 'நான் யுத்தத்துல இருந்தப்போ' என்று ஆரம்பித்தாரானால் டீ ஆறிப்போகும்.

பாகிஸ்தான் சண்டை வந்த வருஷத்தின் தொடக்கத்தில் அவருக்கு ஒரு பெரிய யோசனை தோன்றியது. ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தபோது நம் ஜனங்கள் ரங்கூனிலிருந்து நடந்தே இந்தியாவுக்கு வந்தார்களே, அந்தப் பாதையில் மணிப்பூர் மலைப் பகுதியை மட்டும் சங்கம் நடக்க வேண்டும். உள்ளூர் வழிகாட்டி ஒருவர், கூலிகள், கூடாரம், எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு. மழை முடிந்து, லீவு கிடைக்கும் மாதத்தில் புறப்பாடு. அறிவிப்பை எனக்குச் சொல்லச் சொல்ல நான் ஸ்டென்சிலில் அடித்தேன். 'இயற்கை எழில் கொஞ்சும் பாதை' என்றார். என் விரல் நின்றுவிட்டது.

"எங்கம்மா அந்தப் பாதையில நடந்து வந்தவங்க சார்" என்றேன். "அப்பாவ அங்கதான் விட்டுட்டு வந்தாங்க."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். லாட்டரி விழுந்த முகம்.

அம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாராவியில் தோல் கிடங்கில் அவளுக்கு வேலை. பச்சைத் தோலை விரித்து உப்புத் தேய்த்து அடுக்குவது. விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. சோற்றில் கை வைத்தால் எரியும், எரியும்போது யாரையாவது திட்டுவாள். முன்பு ரங்கூனில் இருந்தபோது அரிசி மில்லில் அப்பாவுக்கு வேலை. கப்பலில் இடம் பணக்காரர்களுக்குத்தான் கிடைத்தது. இவர்கள் ரயிலும் படகும் நடையுமாக வந்து, எல்லை தாண்டி மலையேறும்போது அப்பாவுக்கு வாந்தி பேதி கண்டது. எனக்கு அப்போது மூன்று வயசு, அம்மாவின் இடுப்பில் இருந்தேன். எனக்கு ஒன்றுமே நினைவில்லை. அதற்கும் அம்மா என்னைத் திட்டியிருக்கிறாள்.

ஓர் ஓடை, பக்கத்தில் பெரிய பாறை, பாறைக்கு மேலே வேர் பாய்ந்த ஒரு மரம். அந்த மரத்தடியில் அப்பா உட்கார்ந்துவிட்டார். தகர டப்பாவில் தண்ணீர் மொண்டு பக்கத்தில் வைத்தாளாம். "நீ போ. புள்ளையத் தூக்கிட்டுப் போ. நான் பொறத்தாலயே வாறேன்" என்றாராம். பின்னால் வந்த கூட்டம் தள்ளிக்கொண்டே இருந்தது. அவள் வந்துவிட்டாள். அவர் வரவில்லை.

செத்ததை யாரும் பார்க்கவில்லை. வருகிறேன் என்று சொன்ன மனுஷனுக்கு எப்படித் தாலி அறுப்பது? அம்மா அறுக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கயிற்றுக்கு மஞ்சள் தேய்ப்பாள், நெற்றியில் குங்குமம் வைப்பாள். எங்கள் சந்தில் கல்யாணம் என்றால் இவளை வைத்து ஒரு பஞ்சாயத்து நடக்கும். ஆரத்தித் தட்டை இவள் கையில் கொடுக்கலாமா கூடாதா? "தாலி இருக்கு, ஆளு எங்க?" என்று குழாயடியில் கேட்பார்கள். பர்மாக்காரி ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று சொன்னவளும் உண்டு. அம்மா குடத்தை வைத்துவிட்டு அவள் கூந்தலைப் பிடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஹெட் கிளார்க் ஒரு திட்டம் வைத்திருந்தார். நடந்து வந்தவர் ஒருவர் கூட வந்தால் பயணத்துக்கு மவுசு. அதனால் அம்மாவுக்குப் பாதிக் கட்டணம். பதிலுக்கு, சாயங்காலம் கூடாரத்தில் நெருப்பைச் சுற்றி எல்லாரும் உட்காரும்போது அவள் தன் கதையைச் சொல்ல வேண்டும். பட்ஜெட்டை நான்தான் டைப் அடித்தேன். ரயில், பஸ், வழிகாட்டிக்கு அட்வான்ஸ், அட்டைக்கடிக்கு உப்பு, குளிர்காய்ச்சல் மாத்திரை என்று ஒவ்வொன்றாக வந்து, பொழுதுபோக்கு என்ற தலைப்பின் கீழ் வந்து நின்றது: 'ஃபிலிம் ரோல், சீட்டுக்கட்டு, அகதி அம்மாள் கட்டணச் சலுகை.' சீட்டுக்கட்டுக்குப் பக்கத்தில் என் அம்மா. அடித்து முடித்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். வீட்டில் பெரிய சண்டை. "அவன் உன்னக் கூத்தாட்டக் கூட்டிட்டுப் போறான்மா" என்றேன்.

"ஆட்டிட்டுப் போறான். எனக்கென்ன? நாம தனியாப் போனா பர்மிட் எவன் குடுப்பான்? பாஷை தெரியுமா, பாதை தெரியுமா? நான் அந்த மரத்தப் பாக்கணும். இருக்காவளா இல்லையான்னு எனக்கு ஒரு முடிவு தெரியணும். அங்ஙனயே கயித்த அவுத்து ஓடையில போட்டுட்டு வந்துருதேன். இல்ல, யாராச்சும் ஒருத்தன், இப்படி ஒரு மனுசன் பொழச்சுப் போனான்னு சொன்னான்னு வையி, இந்தக் கயித்தோட செத்துப்போறேன். ரெண்டுல ஒண்ணு. நடுவுல நின்னு எனக்குக் காலு வலிக்குதுட்டி."

மறுநாள் அவள் பெயரைப் பட்டியலில் சேர்த்து அடித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா ஃபிளாட்டில் பட்ஜெட் கூட்டம். அம்மா கிடங்கிலிருந்து வந்து, குளித்து, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். எல்லாருக்கும் வெள்ளி மாதிரி மின்னுகிற டம்ளரில் காபி. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் கண்ணாடி கிளாசில். அம்மா அதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், குடிக்காமல் கீழே வைத்தாள்.

அன்றைக்கு அங்கே நடந்த பேரம் இருக்கிறதே! சமையல்காரர் ஒருவரை பம்பாயிலிருந்தே கூட்டிப் போவதென்று முடிவானது, ஏனென்றால் அந்த ஊர்க்காரன் கை பட்டதைச் சாப்பிட முடியாதாம். அவருக்கு ரயில் சார்ஜ், கம்பளி, சம்பளம். தனியாக ஒரு மூட்டை காபிப்பொடி, அதைச் சுமக்க ஒரு கூலி. இதெல்லாம் மளமளவென்று பாஸ் ஆயிற்று. மலைமேல் மூட்டை சுமக்கிற கூலிகளின் சாப்பாட்டுக்கு வந்தபோது மட்டும் பென்சிலை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். "அவா அரிசி அவாளே கொண்டுவரட்டும்" என்றார் ஹெட் கிளார்க். பட்டினியாக நடந்தவர்களின் பாதையில் நடக்கப் போகிறவர்கள் இவர்கள்.

பிறகு வரைபடத்தை விரித்தார். அவர் போட்டிருந்த வழி முழுக்க ஜீப் ரோடு. அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த ரோட்டுல எங்கள விடலங்க" என்றாள். "துரைமாரும் அவுக ஆளுகளும்தான் அதுல போனாவ. எங்கள போலீஸ்காரன் அடிச்சு வேற பக்கம் ஏத்திவிட்டான். தண்ணி இல்லாத பக்கம்."

"நான் அங்க இருந்தவன். அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்றார் அவர்.

"நீங்க லாரில வந்திருப்பிய" என்றாள் அம்மா.

செம்பூரிலிருந்து வரும் பொருளாளர் மட்டும் நல்ல மனுஷர். வழிகாட்டிக்கு எழுதிக் கேட்கலாமே என்றார். எழுதினார்கள். பதில் வந்தது: இரண்டு வழி உண்டு, வெள்ளைக்காரர்கள் போனது ஒன்று, கறுப்பு ஆட்களை அனுப்பியது ஒன்று; இரண்டாவதில் ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும், அந்த அம்மாள் சொல்லும் ஓடையும் பாறையும் எனக்குத் தெரியும். அதை அம்மா என்னை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாள். ஹெட் கிளார்க் வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. கூடுதல் நாள் அம்மாவுக்காக என்பதால் அந்த நாளின் கூலிச் செலவு முழுவதையும் அம்மாவே ஏற்க வேண்டும் என்று கணக்கை மாற்றினார். கொடுத்த சலுகையை அந்தக் கையாலேயே பிடுங்கிக்கொண்டார். அதற்கும் அம்மா சரி என்றாள்.

கடைசிக் கூட்டத்தில் ஃபாரம் கொடுத்தார்கள். முந்தின வருஷம் யாரோ ஒரு மருமகள் வீட்டில் சொல்லாமல் மலைக்கு வந்து, மாமியார் வீட்டார் ஹெட் கிளார்க்கின் வாசலில் நின்று கத்தினார்களாம். அதிலிருந்து ஒரு விதி: கல்யாணமான பெண் என்றால் கணவர் கையெழுத்து வேண்டும். விதவை என்றால் பிள்ளைகளில் யாராவது போடலாம். அவர் ஃபாரத்தை நீட்டும்போதுதான் அம்மாவின் கழுத்தை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை கூட்டம் நடந்தும் அதுவரைக்கும் அவளை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை.

"என்னது இது? காலமாயிட்டார்னு சொன்னியே?" என்று என்னைக் கேட்டார்.

"விட்டுட்டு வந்தாங்கன்னுதான் சார் சொன்னேன்."

"அப்ப இருக்காரா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கோ."

"தெரியாதுய்யா" என்றாள் அம்மா. "அதப் பாக்கத்தான வாறேன்."

"தெரியாதுன்னு ஒரு கட்டம் ஃபாரத்துல இல்லையே."

பொருளாளர், "விட்டுடலாமே சார், விஷயம் தெரிஞ்சுதானே" என்று இழுத்தார். ஹெட் கிளார்க் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான். நாளைக்கு இந்தம்மாவோட வீட்டுக்காரர் வந்து, எம் பொண்டாட்டிய யாரக் கேட்டுக் கூட்டிண்டு போனேள்னு நின்னா, நீர் பதில் சொல்லுவீரா?"

அம்மா சிரித்தாள். 

"அவுக வந்து கேட்டாவன்னா, நான் எதுக்குய்யா ஒங்க கூட வரப்போறேன்?"

 ஹெட் கிளார்க் ஃபாரத்தை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். ரெயின்கோட் வாடகை.

ரயில் பாலத்தின் மேலேறித் தாராவிக்கு நடந்தே திரும்பினோம். வழியெல்லாம் நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன், எழுத முடியாத வார்த்தைகள். வீட்டுக்கு வந்ததும், "குடும்மா, அப்பா பேர்ல நானே ஒரு கையெழுத்துப் போடுதேன். அவனுக்கு என்ன தெரியப்போவுது?" என்றேன்.

அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஏட்டி, அவுக கையெழுத்த நீ போட்டா, அவுக எங்கயோ சொகமா இருந்துக்கிட்டு எனக்குச் சம்மதம் குடுத்த மாதிரி ஆயிரும்லா. அப்படி இருந்தும் என்னப் பாக்க வரலன்னு ஆயிரும்லா. ஒரு காயிதத்துக்காக அவுகள அப்படி ஆக்கச் சொல்லுதியா?"

இரண்டு மூன்று நாள் போனது. பிறகு ஒரு சாயங்காலம் அரிசி களைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "பாத்துட்டு வந்து அறுக்கலாம்னு இருந்தேன். அறுத்துட்டுப் போனாத்தான் பாக்க விடுவானாம். சரி, அறுத்துட்டே போறேன்."

"ஒன்னும் போக வேண்டாம்மா" என்றேன்.

"ஒனக்கு அப்பா நெனப்பு இல்ல. எனக்கு இருக்கு."

கிடங்கில் அவளோடு உப்புத் தேய்க்கிற விதவை ஒருத்தி உண்டு. எங்கள் பக்கத்து வழக்கப்படி தாலியை வாங்குகிறவள் தாலி இழந்தவளாக இருக்க வேண்டும். அவள் முதலில் மாட்டவே மாட்டேன் என்றாள். "ஆளு செத்த சேதி வராம கழட்டுனா அந்தப் பாவம் என் தலையிலல்லா விழும்." அம்மா, "பாவத்த எம் பேருல எழுதிக்க. வா" என்று இழுத்துக்கொண்டு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் ஒற்றை அறைக் கோலியில், கதவைச் சாத்திக்கொண்டு. வெளியே குழாயடியில் இந்தியிலும் தமிழிலும் சண்டை நடந்துகொண்டிருந்தது. கிண்ணத்தில் பால் ஊற்றி வைத்திருந்தோம். அந்த அம்மாள் கயிற்றை அவிழ்த்துப் பாலில் போட்டாள், நெற்றியைத் துடைத்தாள், வளையலை உடைத்தாள். நான் விம்மியபோது, "சத்தம் போடாத, அடுத்த வீட்டுக்குக் கேக்கும்" என்று அம்மா அதட்டினாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கழுத்தில் கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

சந்துக்கு விஷயம் தெரிய எத்தனை நேரம் ஆகும்? அன்றைக்கே வந்துவிட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் பாதி. மீதிப் பேர் சண்டைக்கு வந்தார்கள். "இத்தன வருசமா செத்தவனுக்குக் கயித்தக் கெட்டிக்கிட்டு எங்க புள்ளையளுக்கு ஆரத்தி சுத்தினியா? எங்க வீடு வெளங்குமா?" என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். அந்த வீட்டுப் பிரசவத்துக்கு ராத்திரியெல்லாம் கூட இருந்தவள் என் அம்மா. அன்று முதல் தடவையாக அவள் திருப்பித் திட்டவில்லை. நான் திட்டினேன். அவளுக்கும் சேர்த்துத் திட்டினேன்.

தாலிப் பொன்னை மாட்டுங்கா சேட் கடையில் விற்றாள். வீட்டில் வைத்திருக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "அவுக வாங்கிக் குடுத்தது. அவுகளப் பாக்கப் போறதுக்கு அவுக காசாவே இருக்கட்டும்" என்றாள். அந்தப் பணத்தோடு என் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையும் சேர்த்து, கட்டணமும் கூடுதல் நாளின் கூலியும் கட்டினோம். விதவை என்ற கட்டத்தில் நான் கோடு போட்டு, மகள் என்று கையெழுத்திட்டேன். ஹெட் கிளார்க் அம்மாவின் கழுத்தைப் பார்த்தார். "இப்ப சரி" என்றார்.

இப்ப சரி. இந்த இரண்டு வார்த்தைக்காகவே அவரை நான் மன்னிக்கவில்லை.

அம்மா புறப்படத் தயாரானாள். புதுச் செருப்பு வாங்கித் தந்தேன், கிடங்குக்கே போட்டுப் போய்ப் பழக்கினாள். பையில் ஒரு தகர டப்பா எடுத்து வைத்திருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பரில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டது. பம்பாயில் விளக்கை அணைக்கச் சொன்னார்கள், ஜன்னல் கண்ணாடியில் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். எல்லைப் பக்கம் போக யாருக்கும் அனுமதி இல்லை என்று மணிப்பூரிலிருந்து கடிதம் வந்தது. சங்கம் கூடி, பயணத்தை ரத்து செய்து, அதற்குப் பதிலாகப் பூனா பக்கம் ஒரு கோட்டைக்குப் போவதென்று தீர்மானம் போட்டது. அதையும் நான்தான் டைப் அடித்தேன். வீட்டில் சொன்னபோது அம்மா, "அப்பவும் சண்ட, இப்பவும் சண்ட" என்றாள். டப்பாவை எடுத்து அடுப்படியில் வைத்தாள்.

சில நாள் கழித்து ஹெட் கிளார்க் என்னைக் கூப்பிட்டு ஓர் உறையைக் கொடுத்தார். "உங்கம்மா கட்டினது. தபால் செலவும் வழிகாட்டிக்கு அனுப்பின மணியார்டர் கமிஷனும் மட்டும் புடிச்சிருக்கேன். மிச்சம் பைசா சுத்தமா இருக்கு, எண்ணிக்கோ. இந்த ரசீதுல அம்மாவோட கைநாட்டு வாங்கிண்டு வந்துடு." சண்டை வந்ததற்கு அவர் என்ன செய்வார், நியாயம்தான். ஆனால் அவர் குரலில் ஒரு சின்ன அசைவாவது இருந்திருக்கலாம்.

நான் நேராகக் கிடங்குக்குப் போனேன். அம்மா தோல் அடுக்குக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உறையைக் காட்டினேன். அவள் அதைத் தொடவில்லை. ரசீதைக் காட்டி, "என்ன எழுதிருக்கான், வாசி" என்றாள்.

"நான் சங்கத்துக்குக் கொடுத்தது அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். இனி எனக்கு வர வேண்டியது எதுவும் இல்லை."

அவள் கை தன்னால் கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. உப்பு மட்டும் ஒட்டிக்கொண்டது.

"குடுத்தது எல்லாத்தையும்னா போட்டுருக்கான்?"

"ஆமாம்மா."

"அப்ப அவனையே வந்து கயித்தக் கெட்டிவிடச் சொல்லு."

சொல்லிவிட்டு அடுத்த தோலை இழுத்து விரித்தாள். மறுநாள் நான் ரசீதை வெறுமையாகவே அவர் மேஜையில் வைத்தேன். கைநாட்டு எங்கே என்று கேட்டார். அம்மா சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல், செக்‌ஷன் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.